இனிக்காத ஸ்பீக்கர்தான் வேண்டும்!

1978-ல் யமஹா நிறுவனம் என்எஸ்-10 என்ற சிறிய ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வரவேற்பறை அலமாரியில் வைத்துப் பாட்டுக் கேட்பதற்காகச் செய்த பெட்டி அது. இசை ரசிகர்களிடம் எடுபடவில்லை. பாஸ் போதவில்லை, ட்ரெபிள் காதைக் குத்துகிறது, பாடகரின் குரல் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது என்று ஏகப்பட்ட குறைகள்.

வீட்டில் விலைபோகாத அதே பெட்டி, சில ஆண்டுகளில் உலகத்தின் பெரிய ஸ்டூடியோக்களில் ராஜ்ஜியம் நடத்தியது. பாப் கிளியர்மவுன்டன் போன்ற அமெரிக்க மிக்ஸிங் பொறியாளர்கள் அதைத் தூக்கி கன்சோல் மேல் வைத்தார்கள். இதில் கேட்கும்படி ஒரு பாட்டைச் சரிசெய்துவிட்டால், வேறு எதில் போட்டாலும் அது தேறிவிடும் என்பது அவர்கள் கணக்கு. ட்ரெபிளின் குத்தல் தாங்காமல் ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்களும் உண்டே தவிர, பெட்டியை யாரும் மாற்றவில்லை. வெள்ளைக் கூம்புக்கான மரக்கூழ் கிடைக்காமல் போனதால் 2001-ல் தயாரிப்பு நின்றது. 2008-ல் அந்தப் பெட்டிக்காக யமஹாவுக்குத் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

வீட்டிலேயே பாட்டு மிக்ஸ் செய்ய ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கதையைத்தான். கேட்டு ரசிக்கும் ஸ்பீக்கர் வேறு. மிக்ஸ் செய்யும் ஸ்பீக்கர் வேறு. இரண்டாவதற்கு ‘ஸ்டூடியோ மானிட்டர்’ என்று பெயர். அதன் வேலை பாட்டை அழகாகக் காட்டுவதல்ல. பாட்டில் எங்கே ஓட்டை என்று காட்டிக்கொடுப்பது.

ஹோம் தியேட்டர் செட்டில் மிக்ஸ் செய்தால் என்ன ஆகும்? அந்தப் பெட்டியே பாஸைக் கூட்டித் தருகிறது. மிக்ஸ் செய்பவர் ‘அதிகமாக இருக்கிறதே’ என்று குறைக்கிறார். பாட்டு வெளியே போனதும் டீக்கடையில் தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது. பாஸே எட்டிப் பார்க்காத லேப்டாப் ஸ்பீக்கரில் செய்தால் கதை தலைகீழ். அவர் ஏற்றிய பாஸில் ஷேர் ஆட்டோவின் கம்பியெல்லாம் அதிரும்.

வீட்டு ஸ்டூடியோ சென்னைக்குப் புதிதல்ல. ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி ஸ்டூடியோ அமைத்தது 1989-ல். ‘ரோஜா’ வந்தது 1992-ல். அன்று அதற்குக் கட்டடமே தேவைப்பட்டது. இன்று படுக்கையறை போதும். பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பத்தை அவருடைய அண்ணன் ஃபினியாஸ் லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள பெற்றோர் வீட்டுப் படுக்கையறையில் உருவாக்கினார். அங்கே இருந்தவை யமஹா எச்எஸ்5 என்ற 5 அங்குல மானிட்டர்களும் ஒரு சப்வூஃபரும். 2020-ல் அந்த ஆல்பம் கிராமியின் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ விருதை வாங்கியது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இறுதி மிக்ஸைச் செய்தவர் ராப் கினெல்ஸ்கி என்ற தனிப் பொறியாளர். விளம்பரங்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

நடுத்தர விலையில் இன்று அதிகம் பேசப்படுபவை எச்எஸ்5, ஜேபிஎல் 305பி மார்க் 2, பெர்லின் நகரத்து ஆடம் ஆடியோவின் டி5வி, முன்பு ஜேபிஎல்லில் இருந்த பொறியாளர்கள் கலிஃபோர்னியாவில் தொடங்கிய காலி ஆடியோவின் எல்பி-6 ஆகியவை. எல்லாவற்றிலும் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது. தனியாக வாங்க வேண்டாம். இவற்றில் எது சிறந்தது என்று விடிய விடிய வாதாடலாம். உண்மையில் இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, ஒரே ஸ்பீக்கரை இரண்டு அறைகளில் வைத்தால் வரும் வித்தியாசம் பெரிது.

நம் வீடுகளில் அந்த அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. கூரையும் ஏறத்தாழ பத்தடி. ஒலிக்கு இதைவிட மோசமான அறை கிடையாது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே, சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி முட்டித் திரும்பித் தன் மேலேயே ஏறிக்கொள்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் அதே 56. கிக் டிரம்மின் அடியும் பாஸ் கிடாரின் கீழ் ஸ்வரங்களும் வசிக்கும் இடம் அதுதான். சுவரோரம் நின்றால் அந்த ஒலி ‘தும்’மென்று வீங்கும், அறையின் நட்டநடுவே உட்கார்ந்தால் காணாமலே போகும். நடுவில் மேஜையைப் போட்டவர் பாஸைத் தேடிக்கொண்டே இருப்பார்.

அதனால்தான் பத்துக்குப் பத்து அறைக்கு 8 அங்குல வூஃபர் வீண் செலவு. அது கிளப்பும் அடிநாதத்தை அறை குழப்பித்தான் தரும். 5 அங்குலம் போதும். பணம் இடிக்கிறதா, மூன்றரை அங்குலத்தில் ஆரம்பித்து, பாஸை மட்டும் நல்ல ஹெட்போனில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பெட்டியில் அச்சடித்த எண்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது. எச்எஸ்5 எவ்வளவு கீழே இறங்கும்? 54 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். ஆனால் அது ஒலி 10 டெசிபல் தேய்ந்துபோன இடத்தின் கணக்கு. 3 டெசிபல் மட்டும் குறையும் இடம் எதுவென்று பார்த்தால் 74 ஹெர்ட்ஸ். இரண்டையும் நிறுவனமே வெளியிடுகிறது, இரண்டும் உண்மை. ஒரு கம்பெனியின் முதல் கணக்கை இன்னொரு கம்பெனியின் இரண்டாவது கணக்கோடு ஒப்பிட்டால்தான் ஏமாற்றம். வாட்ஸும் அப்படித்தான்: வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாவதில்லை, வெறும் 3 டெசிபல்தான் கூடும்.

கடையில் கேட்டுப் பார்க்கப் போகிறவர்கள், தலைகீழாகத் தெரிந்த நாலு பாட்டுகளை எடுத்துப் போக வேண்டும். ஒப்பிடும் இரண்டு ஸ்பீக்கர் ஜோடிகளையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இது முக்கியம். மனிதக் காது சத்தம் குறைந்தால் பாஸைச் சரியாகக் கேட்பதில்லை. ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை வரைபடமாக்கிக் காட்டிவிட்டார்கள். எந்த ஜோடி கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுதான் நல்லது என்று காது சாதிக்கும். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறுகின்றனவா, பாடகர் இரண்டு பெட்டிக்கும் சரியாக நடுவில் நிற்கிறாரா என்று கவனித்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின் ஸ்பீக்கர் இரண்டும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும்; ட்வீட்டர் காது உயரத்தில். மூலையில் திணிக்கக் கூடாது. சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால், பாஸைக் குறைக்கும் சுவிட்ச் பின்பக்கம் இருக்கிறது. எச்எஸ்5-ல் அது 2 அல்லது 4 டெசிபல் இறக்கும். பலர் அந்தச் சுவிட்சைத் தொட்டதே இல்லை.

அடுத்தது சுவர். முட்டை அட்டையை ஒட்டுவது நம் ஊரில் ஒரு மதம் மாதிரி ஆகிவிட்டது. மேல் ஸ்தாயி எதிரொலியைக் கொஞ்சம் கலைப்பதைத் தவிர அது எதுவும் செய்யாது. பாஸ் அதைப் பார்த்துச் சிரிக்கும். மரச்சட்டத்தில் நாலு அங்குல ராக்வுல் (கனிமப் பஞ்சு) பலகையை வைத்துத் துணி சுற்றி, மூலைகளிலும் பக்கவாட்டுச் சுவர்களிலும் நிறுத்துவதுதான் பலன் தரும். பக்கச் சுவரில் எந்த இடம் என்பதற்கு ஒரு எளிய வழி: நண்பர் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே பலகை. அதுவும் முடியாதவர்கள், பாட்டி வைத்துவிட்டுப் போன இலவம் பஞ்சு மெத்தையை மூலையில் நிமிர்த்தி வைக்கலாம். ஒன்றுமில்லாததற்கு அது மேல். இன்னொன்று: மிக்ஸ் செய்யும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். எதிரொலியின் மெல்லிய வால் விசிறிச் சத்தத்தில் மறைந்துபோகும். மே மாதத்தில் இது சாதாரணத் தியாகம் இல்லை.

40,000 ரூபாய் கையில் இருந்தால் அத்தனையையும் ஸ்பீக்கரில் கொட்டுவதைவிட, மூன்றில் ஒரு பங்கை ராக்வுல்லுக்கும் ஸ்டாண்டுக்கும் நல்ல பேலன்ஸ்டு கேபிளுக்கும் ஒதுக்குவதே புத்திசாலித்தனம். கேபிளில் மிச்சம் பிடித்தால் ‘கொர்’ரென்ற ஓசை கூடவே குடியிருக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் எச்எஸ்5 போன்ற மானிட்டர்களுக்குப் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் ஒற்றைப் பெட்டிக்கு மட்டும். ‘அட, இவ்வளவு மலிவா!’ என்று மகிழ்வதற்கு முன், அதை இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.