ஓய்வு பெற்ற படைவீரருக்கு உடன்நடக்க ஆள் வேண்டும்

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரக் கிராமங்களில் இராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர்கள் பலர் உள்ளனர். சிப்பாயாகச் சேர்ந்தவர், 15 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவிட்டு, பெரும்பாலும் நாற்பதை ஒட்டிய வயதிலேயே ஊர் திரும்பிவிடுகிறார். அதுவரை அவர் உண்டதும் உறங்கியதும் உழைத்ததும் ஒரு குழுவோடுதான். ஊருக்கு வந்ததும் ஓய்வூதியம் தொடர்கிறது. அந்தக் குழு தொடர்வதில்லை.

வெளியில் கம்பீரமாகத் தோன்றும் அவருக்குள் உறக்கமின்மை, எரிச்சல், மதுப்பழக்கம், ‘இனி நான் யாருக்கும் தேவையில்லை’ என்னும் எண்ணம் ஆகியவை மெல்ல வேரூன்றலாம். துன்பத்தைச் சொல்வது கோழைத்தனம் என்று பழகிய மனம் மருத்துவரிடமும் வாய் திறப்பதில்லை. தற்கொலை எண்ணம் வளர்வதற்கு இந்த மௌனமே வழி செய்கிறது.

திறந்தவெளியில் குழுவாக

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களைச் சிறு குழுக்களாகக் காடு, மலை, ஆற்றுப்பகுதிகளுக்குச் சில நாள்கள் அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டு. அப்படிச் சென்று வந்தவர்களை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். பயணம் முடிந்து ஒரு மாதம் ஆன பிறகும் அவர்களின் மனநலமும் பிறரோடு பழகும் விருப்பமும் மேம்பட்டே இருந்தன.

இதற்கான காரணங்கள் எளியவை. பகல் வெளிச்சமும் உடல் உழைப்பும் உறக்கத்தைச் சீராக்குகின்றன. சுமையைப் பகிர்ந்து நடக்கும்போது பழைய தோழமை திரும்புகிறது. எதிரெதிரே அமர்ந்து கேட்டால் வராத சொற்கள், அருகருகே நடக்கும்போது தாமாகவே வருகின்றன.

ஆயினும் சில நாள் பயணம் மட்டுமே ஓர் உயிரைக் காத்துவிடும் என்று கொள்ளலாகாது. பயணம் முடிந்து வீடு திரும்பிய பின் அவரை யார் விசாரிக்கிறார்கள் என்பதே முக்கியம்.

தொடர்ந்து விசாரிப்பதன் ஆற்றல்

சான்பிரான்சிஸ்கோவின் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். போர்க்காலத்தில், தமக்கு அறிமுகமான இளம்பெண் ஒருவர் எழுதிய கடிதங்கள் தந்த ஆறுதலை அவர் மறக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பித் தொடர் சிகிச்சையை ஏற்காத 843 பேரை அவர் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு மட்டும், நலம் விசாரிக்கும் சில வரிக் கடிதங்களை ஐந்து ஆண்டுகள் அனுப்பினார். முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது.

நமக்கு அண்மையிலும் சான்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில் சென்னையும் ஒரு மையம். தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்ட 1,867 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை அளிக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு அதனோடு ஒரு மணி நேர ஆலோசனையும், 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பும் அளிக்கப்பட்டன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 18 பேர் தற்கொலையால் இறந்தனர். தொடர்ந்து விசாரிக்கப்பட்டோரில் இருவர் மட்டுமே. 2008ஆம் ஆண்டு இம்முடிவுகள் வெளியாயின.

நம் ஊரில் செய்யக்கூடியவை

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. கோச்சடையை ஒட்டி வைகைக் கரை இருக்கிறது. கீழக்குயில்குடிச் சமணர் மலையும் தாமரைக் குளமும் தொலைவில் இல்லை. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுத்த ‘பசுமை நடை’, மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு மக்களைக் குழுவாக அழைத்துச் சென்று வருகிறது. தொன்மையை அறிவதற்கான நடை அது, சிகிச்சை அன்று. ஆனால் குறித்த நாளில், அறிமுகமற்றவர்களும் ஒன்றாக நடந்து, ஒன்றாக உண்டு திரும்புவது இங்கே இயல்பாகக் கூடும் என்பதற்கு அது சான்று.

நான்கைந்து முன்னாள் படைவீரர்கள் வாரம் ஒருமுறை காலையில் சேர்ந்து நடக்கலாம். வராதவரை அன்றே ஒருவர் தொலைபேசியில் அழைக்க வேண்டும். இந்த ஒரு விதியைத் தவறவிடாதீர்கள். ஊரில் உள்ள பிற முன்னாள் படைவீரர்களை அறிய மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் உறுப்பினரானவர்கள் அதன் மருத்துவமனையிலும் உதவி கேட்கலாம்.

குடும்பத்தார் கவனத்திற்கு

• பிறருக்குப் பாரமாக இருப்பதாகச் சொல்லுதல், உடைமைகளைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், திடீரெனக் குடி கூடுதல், விடைபெறுவது போலப் பேசுதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.

• ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று அமைதியாகவும் நேராகவும் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது; பாரம் குறையும். அறிவுரையை ஒதுக்கிவிட்டு, சொல்வதைக் கேளுங்கள்.

• துப்பாக்கி, பூச்சிக்கொல்லி, மிகுதியான மருந்து ஆகியவற்றை அவர் கைக்கு எட்டாமல் வேறொருவர் பொறுப்பில் வையுங்கள்.

• வழக்கு வரும் என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்றும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

• நடைக்குழு சிகிச்சைக்கு மாற்றாகாது. மருத்துவர் தந்த மருந்தை அவரிடம் கேளாமல் நிறுத்தாதீர்கள்.

உடனடி ஆபத்து இருப்பின் அவரைத் தனியே விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள், ஆம்புலன்சுக்கு 108. மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் ‘டெலி மானஸ்’ எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். பராமரிப்பவர் களைத்துப் போயிருந்தால், அவரும் இதே எண்ணில் பேசலாம்.