வேளத்துப் பெண்கள்

துருக்கிச் சுல்தான்களின் அந்தப்புரம் பற்றிப் பேச்சு வந்தால், நம் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தது. அதன் பெயர் வேளம்.

சோழ அரண்மனையில் வேலை செய்த பெண்கள் சேர்ந்து வாழ்ந்த குடியிருப்புத்தான் வேளம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பல வேளங்களின் பெயர்கள் வருகின்றன. திருமஞ்சனத்தார் வேளம் என்றால் அரச நீராட்டுக்கு உரியவர்கள். திருப்பரிகலத்தார் வேளம் என்றால் உண்கலங்களுக்கு உரியவர்கள். அங்கிருந்தவளை ‘வேளத்துப் பெண்டாட்டி’ என்று எழுதினார்கள். இன்று மனைவியைச் சொல்லும் அந்தச் சொல் அன்று பணிப்பெண்ணைக் குறித்தது. இதை மறந்து படித்தால் எல்லோரும் அரசனின் ஆசைநாயகிகள் ஆகிவிடுவார்கள். அது பெரும் பிழை.

எங்கிருந்து வந்தார்கள்? ஒரு பகுதியினர் போரில் பிடிபட்டவர்கள். கலிங்கத்துப்பரணியின் கடைதிறப்பில், பாண்டியர் காட்டுக்குள் ஓட, அவர்களின் பெண்கள் வேளம் புகுந்ததைச் சயங்கொண்டார் வெற்றிக் களிப்போடு பாடுகிறார். அந்தக் களிப்பில் என்னால் சேர முடியவில்லை. நம் ஈழத் தீவும் தப்பவில்லை. 1017 அளவில் சோழப்படை ஈழ மன்னன் ஐந்தாம் மகிந்தனின் பட்டத்தரசியைப் பிடித்ததாகச் சூளவம்சம் என்ற பாளி வரலாற்று நூல் சொல்கிறது. ஈழத்து அரசியரின் முடிகளைக் கவர்ந்ததைச் சோழ மன்னன் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது. மகிந்தனும் பிடிபட்டு, 12 வருடம் கழித்துச் சோழநாட்டிலேயே இறந்தான்.

துருக்கியிலும் ஏறக்குறைய இதே கதைதான். உக்ரேன், காக்கசஸ் பக்கங்களிலிருந்து அடிமையாகப் பிடித்துவரப்பட்ட சிறுமிகளுக்குப் புதுப் பெயர் சூட்டி, தையலும் இசையும் பழக்கினார்கள். பெரும்பாலோர் பணிப்பெண்களாகவே இருந்தார்கள். அடிமையாக வந்த ஹுர்ரெம் 16ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமானின் முறைப்படியான மனைவியானது அரிதிலும் அரிது.

வேளத்துப் பெண்களை நினைத்து இரங்குவதோடு நிறுத்திவிடக் கூடாது. அவர்களில் சிலர் கோயில்களுக்கு நந்தா விளக்கு வைத்திருக்கிறார்கள். அணையாமல் ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுப்பது அக்கால வழக்கம். அப்படியென்றால் அவர்கள் கையில் சொந்தப் பொருள் இருந்திருக்கிறது. அதைத் தம் விருப்பப்படி கொடுக்கவும் முடிந்திருக்கிறது. கொடுத்தவளின் பெயர் கல்லில் நிற்கிறது.

திருகோணமலைப் பாலையூற்றில் இருந்து பெரியகுளம் அதிக தூரமில்லை. அங்குள்ள பௌத்த விகாரையான இராசராசப் பெரும்பள்ளியிலும் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் விளக்குக் கொடைகளைச் சொல்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இராசராசனின் பெயரோடு வேளம் என்ற சொல்லையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.