எட்டு நொடி

ஊர்லேர்ந்து வந்து இறங்கின ரூம்மேட் பெட்டியைக்கூடத் திறக்கல. "மச்சி, லேண்ட் ஆக அரை மணி நேரம் இருக்கும்போதே என்ஜினை ஆஃப் பண்ணிட்டானுங்கடா. சத்தமே இல்ல. முருகான்னு கண்ணை மூடிட்டேன்!" எட்மண்டன் வந்து டீ குடிச்சும் அவனுக்குப் படபடப்பு அடங்கல.

ஆஃப் எல்லாம் பண்ண மாட்டாங்க சாமி. அதுக்குப் பேர் ஐடில். சிக்னல்ல ஆக்சிலரேட்டரை விட்டாலும் பைக் டுபுடுபுன்னு ஓடிட்டே இருக்குமே, அதே சங்கதி. ஆனா ஜெட் என்ஜின்ல இதுலயும் ரகம் உண்டு. தரையில நிக்கும்போது கிரவுண்ட் ஐடில். வானத்துல ஃப்ளைட் ஐடில். இறங்கறதுக்காக ஃப்ளாப்பை நீட்டினதும் பல என்ஜின்கள் தானாவே இன்னும் கொஞ்சம் உசந்த அப்ரோச் ஐடிலுக்கு ஏறிக்கும்.

எதுக்கு இந்த முன்ஜாக்கிரதை? ஜெட் என்ஜின் பைக் மாதிரி முறுக்கினதும் சீறாது. எரிபொருளை ஒரேயடியா கொட்டினா உள்ளே காற்றோட்டம் குலைஞ்சு 'சர்ஜ்' ஆயிடும். அதனால கம்ப்யூட்டர் அளந்து அளந்துதான் விடும். ஃப்ளைட் ஐடில்லேர்ந்து 95% டேக்-ஆஃப் சக்திக்கு 5 நொடிக்குள்ள வந்தாகணும்னு அமெரிக்க விதி. லிவரைத் தள்ளி 8 நொடியில கிடைக்கிற விசையை வெச்சு விமானம் மேலே ஏற முடியணும்னு இன்னொரு விதி.

எட்டு நொடியெல்லாம் ஒரு மேட்டரான்னு கேக்கறவங்களுக்கு பெங்களூர் கதை.

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகாத ஏர்பஸ் ஏ320. பட்டப்பகல். இறங்கு வேகத்தை நிமிஷத்துக்கு 700 அடின்னு வைக்கப் போய், பக்கத்துக் குமிழைத் திருப்பி உயரத்தை 700 அடின்னு வெச்சிருக்கலாம்னு விசாரணையில கருதினாங்க. பெங்களூரே கடல் மட்டத்துலேர்ந்து கிட்டத்தட்ட 2,900 அடி! கம்ப்யூட்டர் என்ஜினை ஐடில்ல போட்டுட்டு சமர்த்தா இறங்கிக்கிட்டே இருந்தது. ரெண்டு ஃப்ளைட் டைரக்டரையும் அணைச்சிருந்தா வேகத்தைக் காப்பாத்தற மோடுக்கு மாறியிருக்கும். ஒண்ணுதான் அணைஞ்சது. கடைசி நொடிகள்ல லிவரைத் தள்ளினாங்க. என்ஜினும் ஒழுங்காத்தான் வேகமெடுத்தது. ஆனா அதுக்குள்ள கோல்ஃப் மைதானம் வந்துடுச்சு. ஓடுபாதை அதுக்கு அப்பால. 146 பேர்ல 92 பேர் போயிட்டாங்க.

என்ஜின் மேல ஒரு குறையும் இல்லைங்கறதுதான் எனக்கு இன்னும் ஆறல.

"அப்ப சத்தம் கேட்டா நல்லதா?"ன்னு கேட்டான் ரூம்மேட்.

உசரத்துல இருக்கும்போது அமைதியா இருந்தா பயப்படாதே. 1,000 அடிக்குக் கீழே வந்தா என்ஜின் ஐடிலுக்கு மேல முனகிட்டு இருக்கணும், இல்லாட்டி மறுபடி மேலே ஏறிடணும்ங்கறதுதான் பல நிறுவனங்கள்ல வழக்கம்னேன்.

பாதியிலேயே தூங்கிட்டான்.