எண்ணியதை மறுபடியும் எண்ணு: கருத்தரிப்பு ஆய்வகத்தில் கற்கும் வேலை

சோதனைக் குழாய் குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போகும் தம்பதி மருத்துவரைப் பார்க்கிறார்கள், ஸ்கேன் எடுப்பவரைப் பார்க்கிறார்கள், பணம் கட்டுமிடத்தில் இருப்பவரையும் பார்க்கிறார்கள். அவர்களுடைய கருமுட்டையையும் விந்தணுவையும் வாங்கி, சேர்த்து, ஐந்து நாள் வளர்த்துத் தருபவரைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. அவர்தான் எம்ப்ரியாலஜிஸ்ட் எனப்படும் கருவியலாளர். சிகிச்சையின் பாதி அவர் கையில் இருக்கிறது. அந்தக் கை எப்படிப் பழகுகிறது என்பது சிகிச்சைக்குப் போகும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

முதல் பாடம் விந்தணுக்களை எண்ணுவது. கேட்க எளிதாகத் தோன்றும். மாதிரி நீர்த்துப்போகும்வரை காத்திருந்து, நன்றாகக் கலக்கி, அளந்து நீர்மம் சேர்த்து, கட்டம் பொறித்த கண்ணாடித் தட்டின் இரு அறைகளிலும் விட வேண்டும். அணுக்கள் அடியில் படியும்வரை சில நிமிடம் பொறுத்து, மைக்ரோஸ்கோப்பில் ஓர் அறையில் குறைந்தது 200 அணுக்களை எண்ணுகிறார் மாணவர். அடுத்த அறையில் இன்னொரு 200. அத்தோடு முடியவில்லை. இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். மொத்தம் 400 அணுக்களில் இரு அறைகளுக்கும் இடையே சுமார் 40க்கு மேல் வித்தியாசம் வந்தால், அது தற்செயலால் வரக்கூடியதைவிட அதிகம். கலக்கியதில் குறை இருக்கலாம், பிப்பெட்டில் எடுத்த அளவு தவறியிருக்கலாம். இரண்டு எண்ணிக்கையையும் ஒதுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1980ல் முதலில் வெளிவந்து, 2021ல் ஆறாம் பதிப்பு கண்ட உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது.

இவ்வளவு கறாராக எண்ண வேண்டிய அவசியம் என்ன? அந்த எண்ணை வைத்துத்தான் ஓர் ஆணிடம் 'உங்களிடம் குறை' என்று சொல்கிறார்கள். அந்த எண்ணின் பொருளும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி என்று கையேடு தரும் அளவு, மனைவி ஓராண்டுக்குள் கருவுற்ற ஆண்களை அளந்து பெற்றது. அந்தத் தந்தையரிலேயே 5 சதவீதம் பேர் அதற்குக் கீழே இருந்தார்கள். ஆகவே அதற்குக் கீழே போனவர் அப்பாவாக முடியாது என்று யாரும் தீர்ப்பெழுத முடியாது. எண்ணக் கற்பவர் இதையும் சேர்த்தே கற்க வேண்டும்.

அடுத்தது கருமுட்டை. சுமார் 0.1 மில்லிமீட்டர் அகலம். 37 டிகிரியிலிருந்து வெப்பம் இறங்கினால், அதனுள் குரோமோசோம்களைப் பிடித்து நிறுத்தும் நுண்ணிழைகள் சில நிமிடங்களிலேயே குலையத் தொடங்கும். அதனால் பதற்றமில்லாத வேகம் வேண்டும். எலியின் முட்டையிலும், சிகிச்சைக்குப் பயன்படாமல் போன முதிராத முட்டைகளில் உரியவரின் சம்மதத்தோடும் பழகுகிறார்கள். இக்சி என்பது ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை. 1992ல் பிரஸ்ஸல்ஸில் பலெர்மோ குழுவினர் இதன்மூலம் கிடைத்த முதல் கர்ப்பங்களை அறிவித்தார்கள். முதலில் விந்தணுவின் வாலை ஊசியால் அழுத்தி அசையாமல் செய்ய வேண்டும். முட்டையை ஒரு பிப்பெட் உறிஞ்சிப் பிடித்திருக்கும். முட்டையின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சிறு துருவ உறுப்பு கடிகாரத்தின் 12 அல்லது 6 மணி இடத்தில் இருக்கும்படி திருப்பி, 3 மணி இடத்தில் ஊசி நுழைகிறது. குரோமோசோம்கள் பெரும்பாலும் அந்த உறுப்பின் அருகே இருப்பதால்தான் இந்த ஏற்பாடு. 16 முதல் 18 மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு உட்கருக்கள் தெரிய வேண்டும். வெகுநேரம் கழித்துப் பார்த்தால் அவை மறைந்துவிட்டிருக்கும்; கருவுற்றதா என்றே உறுதியாகச் சொல்ல முடியாது.

கண்ணுக்குத் தெரியாதவற்றையும் சோதிக்கக் கற்க வேண்டும். பிளாஸ்டிக் தட்டு, எண்ணெய், வளர்ப்பு நீர்மம் எதில் வேண்டுமானாலும் நஞ்சு இருக்கலாம். அதற்காக ஒரு செல் நிலையில் உள்ள எலிக் கருக்களை அந்தப் பொருளோடு சேர்த்து நான்கு நாள் வளர்க்கிறார்கள். வழக்கமாக 80 சதவீதமாவது, கருப்பையில் பதியத் தயாரான பிளாஸ்டோசிஸ்ட் நிலையை எட்டினால்தான் அந்தப் பொருள் மனிதக் கருவுக்கு அருகே வரலாம். ஆய்வகத்துக்கு வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்ற விதியும் இந்தக் கவலையிலிருந்து வந்ததே.

நீர்மம் எவ்வளவு முக்கியம் என்பதை நெதர்லாந்து காட்டியது. அங்கே ஆறு மருத்துவமனைகளில் 836 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டு வகை நீர்மங்களில் கருக்களை வளர்த்தார்கள். 2016ல் வந்த முடிவின்படி, ஒரு நீர்மத்தில் கருவாக வளர்ந்த குழந்தைகள் மற்றதில் வளர்ந்தவற்றைவிடச் சராசரியாக 158 கிராம் எடை குறைவாகப் பிறந்தன. சில நாள் இருந்த தட்டின் சுவடு பிறப்பு எடை வரை போயிருக்கிறது. இதைப் படித்த பிறகு 'கரு நன்றாக வளர்ந்தது' என்ற ஒற்றை வரியோடு எந்த ஆய்வாளரும் திருப்தியடையக் கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கேதான் கைத்தொழில் ஆராய்ச்சியாகிறது. இரண்டு முறைகளில் எது மேல் என்று அறிய, ஒரே பெண்ணின் முட்டைகளை இரண்டாகப் பிரித்துச் சோதிப்பது ஒரு வழி. வயது, உடல்நிலை போன்ற வேறுபாடுகள் குறுக்கே வராது. ஆனால் அதில் கருக்களைத்தான் ஒப்பிட முடியும்; எந்த முறையால் அதிகக் குழந்தைகள் பிறக்கும் என்று அறிய, பெண்களையே குலுக்கிப் பிரிக்க வேண்டும். உதாரணத்துக்கு, கருப்பையின் உட்சுவரைக் கீறினால் கர்ப்பம் தங்கும் என்று 2003ல் 134 பெண்களை வைத்து இஸ்ரேலில் ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது. உலகமெங்கும் மருத்துவமனைகள் கீறத் தொடங்கின. 2019ல் 1,364 பெண்களைக் குலுக்கிப் பிரித்த ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. அந்த 16 ஆண்டுகளில் எத்தனை பெண்கள் வீணாக வலி பொறுத்திருப்பார்கள்!

குறிப்பேடு எழுதுவதும் ஆய்வு முறைதான். 1978 அக்டோபரில் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறக்க வழிசெய்தார். உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தையான லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அரசு அமைத்த குழு முகோபாத்யாயை நம்ப மறுத்தது. 1981ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986ல் மும்பையில் பிறந்த குழந்தையே முதலாவது என்று பதிவானது. அந்தச் சாதனையில் பங்கேற்ற டாக்டர் டி.சி. ஆனந்த குமார் பின்னாளில் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதலிடம் அவருக்கே உரியது என்று 1997ல் எழுதினார். தனக்கிருந்த பெருமையைத் தானே விட்டுக்கொடுத்த அந்த நேர்மையைக் கருவியல் மாணவர் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்தியாவில் 2021ல் வந்த சட்டப்படி, செயற்கைக் கருத்தரிப்பு மையம் எதுவும் பதிவு பெறாமல் இயங்கக் கூடாது. சிகிச்சைக்குப் போனால் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் வேலை செய்யும் கருவியலாளர் யார், என்ன படித்தவர், எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேளுங்கள். வெற்றி விகிதம் சொன்னால், அது கருப்பையில் கரு வைத்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கா, சிகிச்சை தொடங்கிய அத்தனை பேரையும் சேர்த்ததா, பரிசோதனையில் பாசிட்டிவ் வந்ததா, குழந்தை பிறந்ததா என்று கேளுங்கள். கூடுதல் கட்டணத்தில் எதையாவது சேர்க்கச் சொன்னால், அதனால் அதிகக் குழந்தைகள் பிறந்ததாகக் குலுக்கல் முறை ஆய்வு உண்டா என்று தயங்காமல் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.