கைப்பேசியின் மடையைத் திறப்பவர் யார்?

மாணவர்களே! முதுகுளத்தூர்ப் பக்கம் கண்மாய்ப் பாசனம் நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மழைக்காலத்தில் கண்மாயில் தேங்கும் நீரை நம்பியே இங்கு நெல் விளைகிறது. வாய்க்காலில் வரும் தண்ணீரை அவரவர் தம் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்ளலாம்; தம் வரப்பை வெட்டலாம், அடைக்கலாம். ஆனால் கண்மாயின் மடையை யாரும் தம் விருப்பப்படி திறந்துவிட முடியாது. அதற்கென்று ஊரார் அமர்த்திய நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருப்பார். மடை ஒருவர் பொறுப்பில் இருப்பதால்தான் கடைசி வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேருகிறது.

நம் கைப்பேசிக்குள்ளும் இப்படி ஒரு மடை உண்டு. அதைத் திறக்கும் உரிமைக்குத்தான் 'ரூட்' என்று பெயர்.

அண்மையில் ஒரு மாணவர் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் அவருடைய தந்தை வாங்கி அனுப்பியது அது. தயாரிப்பாளர் புதிய பதிப்புகள் தருவதை நிறுத்திவிட்டார். புதிய செயலிகள் பல அதில் ஏற மறுத்தன. "சார், இதை ரூட் பண்ணி வேறு ரோம் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். போடலாமா?" என்று கேட்டார். நான் உடனே விடை கூறவில்லை. "இதற்குள் என்னென்ன இருக்கிறது, தம்பி?" என்று திருப்பிக் கேட்டேன். "பாட்டு, படம்... அப்புறம், அப்பா அனுப்பிய குரல் செய்திகள்" என்றார்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை அறிய, கைப்பேசி உயிர்பெறும் முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எலெக்ட்ரான்களில் எழுதிய எழுத்து

கருவியோடு பிணைந்து, அதை இயக்குவதற்கென்றே உள்ளே எழுதிவைக்கப்பட்ட மென்பொருளுக்கு 'ஃபர்ம்வேர்' என்று பெயர். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டது என்ற பொருளில் ஆஷர் ஓப்லர் என்பவர் 1967-ஆம் ஆண்டில் இச்சொல்லை உருவாக்கினார். அதே 1967-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாவன் காங், சைமன் சே என்னும் இருவர், காப்புப் பொருளால் சூழப்பட்ட ஒரு சிறு பகுதியில் எலெக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைக்கும் டிரான்சிஸ்டரை அமைத்துக் காட்டினர். இன்றைய ஃபிளாஷ் நினைவகங்களின் முன்னோடி அதுவே. சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் மின்சாரம் நின்ற பின்னும் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். கைப்பேசியை அணைத்தாலும் அதன் ஃபர்ம்வேர் அழியாதிருப்பதற்கு இதுவே காரணம். அவற்றை வெளியேற்றிவிட்டு வேறு விதமாக நிரப்பினால் பழைய ஃபர்ம்வேர் போய்ப் புதியது வந்துவிடுகிறது. இதைத்தான் 'ஃபிளாஷ் செய்தல்' என்கிறார்கள்.

பூஜ்யம் எண் பெற்றவர்

1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். ஒரே கணிப்பொறியைப் பலர் பயன்படுத்திய காலம் அது. எனவே ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பூஜ்யம் என்ற எண் உடையவர் எதையும் படிக்கலாம், எதையும் மாற்றலாம். அவருக்கு 'ரூட்', அதாவது 'வேர்' என்று பெயர். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் யூனிக்ஸைப் பின்பற்றி லினக்ஸ் கர்னலை எழுதினார். வன்பொருளுக்கும் செயலிகளுக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் மையப் பகுதியே கர்னல் ஆகும். அந்த லினக்ஸ் கர்னல்தான் ஆண்ட்ராய்டின் அடித்தளம்.

ஆண்ட்ராய்டில் நாம் நிறுவும் ஒவ்வொரு செயலிக்கும் 10,000-லிருந்து தொடங்கும் ஒரு தனி எண் தரப்படுகிறது. ஒவ்வொன்றும் தன் வரப்புக்குள்ளேயே இயங்க வேண்டும். விளையாட்டுச் செயலி வங்கிச் செயலியின் கோப்புகளைத் திறக்க முயன்றால் கர்னல் தடுத்துவிடும். பூஜ்யம் எண் மட்டும் கைப்பேசியின் உரிமையாளருக்குக்கூடத் தரப்படுவதில்லை. அந்த உரிமையை எவ்வழியிலேனும் பெறுவதே 'ரூட் செய்தல்' ஆகும்.

முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியான எச்.டி.சி. டிரீம் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே அதில் ஒரு வேடிக்கையான குறை வெளிப்பட்டது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும், அது திரைக்குப் பின்னால் ரூட் உரிமையுள்ள கட்டளையாகவும் போய்ச் சேர்ந்தது! உரையாடலின் நடுவே 'ரீபூட்' என்ற ஆங்கிலச் சொல்லை ஒருவர் தட்டியவுடன் கைப்பேசி தானே அணைந்து மீண்டும் கிளம்பியது. குறை விரைவில் சரிசெய்யப்பட்டது. ஆனால் மடை திறந்து கிடந்தால் என்ன நேரும் என்பதை அது காட்டிவிட்டது.

தமிழுக்காகத் திறந்த மடை

அப்படியானால் நல்லவர்கள் எதற்காக மடையைத் திறக்க விரும்பினார்கள்? நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2010, 2011-ஆம் ஆண்டுகளில் விற்பனையான ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழ்ச் செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்தால் வரிசையாக வெற்றுக் கட்டங்களே தோன்றும். எழுத்துருக் கோப்பைச் சேர்த்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் அது இருக்க வேண்டிய இடம் 'சிஸ்டம்' என்னும் நினைவகப் பகுதி. அங்கே பயனர் எதையும் எழுத முடியாது. தம் தாய்மொழியைத் தம் கைப்பேசியில் படிப்பதற்காகவே சிலர் ரூட் செய்ய நேர்ந்தது.

எழுத்துருவைப் போட்ட பின்னும் சிக்கல் முழுவதும் தீரவில்லை. 'கெ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு முறையில் முதலில் 'க', அதன் பிறகே கொம்பு என்ற வரிசையில் அது சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய எழுத்துருவோடு ஒரு தனி மென்பொருளும் வேண்டும். அது இல்லாத கைப்பேசியில் கொம்பு பின்னால் போய் நின்றது. சிலர் ரூட் செய்யாமலே வேறு வழி கண்டனர். ஓப்பரா மினி என்னும் உலாவியில் ஓர் அமைப்பை மாற்றினால், தமிழ் எழுத்துகள் படங்களாக வந்து சேரும். 2011 இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு 4.0 தொடங்கி இக்குறை படிப்படியாக நீங்கியது.

காவலர் வரிசை

இன்றைய கைப்பேசியின் பொத்தானை அழுத்தியதும் நடப்பதைப் பார்ப்போம். முதலில் விழிப்பது செயலிச் சில்லுக்குள் மாற்ற முடியாதபடி பதிக்கப்பட்ட ஒரு சிறு நிரல். அது 'பூட்லோடர்' என்னும் அடுத்த நிரலின் மின்னணுக் கையெழுத்தைச் சோதிக்கும். கையெழுத்து தயாரிப்பாளருடையதாக இருந்தால் மட்டுமே அதை இயங்க விடும். பூட்லோடர் கர்னலைச் சோதிக்கும். கர்னல் சிஸ்டம் பகுதியைச் சோதிக்கும். காவலர் ஒருவர் அடுத்தவருக்குச் சான்று கூறுவது போன்றது இது.

சிஸ்டம் பகுதி மிகப் பெரிது. அதை எப்படி விரைவாகச் சோதிப்பது? இங்கே ஓர் அழகிய கணக்கு இருக்கிறது. அப்பகுதியின் அளவு 1 கிகாபைட், அதாவது 2-இன் 30-ஆம் அடுக்கு பைட்டுகள் என்று கொள்வோம். அதை 4,096 பைட்டுகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்தால் 2,62,144 துண்டுகள் வரும். ஒவ்வொரு துண்டிலிருந்தும் 32 பைட்டு நீளமுள்ள 'ஹாஷ்' என்னும் அடையாள எண் கணக்கிடப்படுகிறது. துண்டில் ஒரே ஒரு பிட்டு மாறினாலும் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும். ஒரு துண்டின் இடத்தில் 128 ஹாஷ்களை அடக்கலாம். ஆகவே ஹாஷ்களை மட்டும் சேமிக்க 2,048 துண்டுகள் போதும். அவற்றுக்கும் ஹாஷ் கண்டால் 16 துண்டுகள். அவற்றுக்கும் கண்டால் ஒரே துண்டு! அதன் ஹாஷ் ஒன்றைக் கையெழுத்திட்டுக் காத்தால் முழுப் பகுதியும் காக்கப்பட்டதாகும். தலைகீழான மரம் போன்ற இவ்வமைப்பின் உச்சி எண்ணுக்கும் 'வேர்' என்றே பெயர். இம்முறை ஆண்ட்ராய்டில் 2013-இல் அறிமுகமாகி, 2016-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து கண்டிப்பாக்கப்பட்டது. எனவே பழைய நாள்களில் செய்தது போல எழுத்துருவை நேரே சிஸ்டத்தில் எழுதினால், இன்று ஹாஷ் ஒத்துவராமல் கைப்பேசி கிளம்பவே மறுக்கும்.

பூட்டைத் திறப்பதும் ரெக்கவரியும்

ஆகவே மாற்றம் செய்ய விரும்புவோர் பூட்லோடரின் பூட்டை முதலில் திறக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் இதற்கு வழி தருகிறார்கள், சிலர் தருவதில்லை. வழி உள்ள கைப்பேசியில், அமைப்புகளில் அனுமதி தந்துவிட்டு, கணிப்பொறியுடன் இணைத்து ஒரு கட்டளை கொடுப்பது வழக்கம். அக்கணமே கைப்பேசியில் நாம் சேமித்தவை அனைத்தும் அழிக்கப்படும்.

ஏன் இந்தக் கடுமை? திருடியவர் ஒருவர் பூட்டைத் திறந்து, தம் விருப்பப்படி ஃபர்ம்வேரை ஏற்றி, உங்கள் படங்களையும் கடிதங்களையும் படிக்க முயலலாம் அல்லவா? அதைத் தடுப்பதற்காகவே திறப்பதும் அழிப்பதும் ஒரே செயலாக இணைக்கப்பட்டுள்ளன.

பூட்டுத் திறந்தபின் வருவது 'ரெக்கவரி'. முதன்மை இயங்குதளம் கிளம்பாதபோதும் தனியே இயங்கக்கூடிய சிறிய பழுதுநீக்கும் நிரல் இது. தயாரிப்பாளர் வைத்துள்ள ரெக்கவரி அவருடைய கையெழுத்துள்ள கோப்புகளை மட்டுமே ஏற்கும். டி.டபிள்யூ.ஆர்.பி. போன்ற மாற்று ரெக்கவரியோ பிறர் ஆக்கிய ஃபர்ம்வேரையும் ஏற்கும். முன்னிருந்த நிலையை முழுதாகப் படியெடுத்தும் வைக்கும். இதன் வழியாக ஏற்றப்படும் முழு இயங்குதளத்தையே 'கஸ்டம் ரோம்' என்கிறார்கள். ரூட் உரிமை மட்டும் வேண்டுவோர் இப்போது பெரும்பாலும் சிஸ்டத்தைத் தொடாமல், கர்னல் கிளம்பும் பூட் பகுதியையே திருத்துகிறார்கள். 2016-இல் வந்த மேஜிஸ்க் என்னும் கருவி இவ்வகையைச் சேர்ந்தது.

வேறொரு மாதிரிக்கு உரிய கோப்பை ஏற்றினால் கைப்பேசி விழிக்காமலே போகலாம். மாதிரிப் பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டதைக் கவனியாமல் நானே ஒரு பழைய கைப்பேசியைச் செங்கல்லாக்கியிருக்கிறேன்!

சில கைப்பேசிகளில் திரும்பி வர முடியாத ஓர் எல்லையும் உண்டு. சில்லுக்குள் நுண்ணிய உருகியிழை ஒன்று இருக்கும். பிறருடைய ஃபர்ம்வேர் ஏறியதை அறிந்தவுடன் அதன் வழியே மிகுந்த மின்னோட்டம் செலுத்தப்படும். இழையின் அணுக்கள் இடம்பெயர்ந்து அதன் மின்தடை நிலையாக மாறிவிடும். பழைய ஃபர்ம்வேரை மீண்டும் ஏற்றலாம். எரிந்த இழையை ஒட்ட முடியாது. சாம்சங் கைப்பேசிகளின் 'நாக்ஸ்' அமைப்பில் இத்தகைய இழை உண்டு.

நம் நாட்டில் நடந்த கதை

2009-இல் ஸ்டீவ் கோண்டிக் என்பவர் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலைக் கொண்டு சயனோஜன்மாட் என்னும் கஸ்டம் ரோமைத் தொடங்கினார். பிறகு அதைச் சார்ந்து ஒரு நிறுவனமும் தோன்றியது. இந்தியாவில் அதன் மென்பொருளைத் தனியுரிமையாகப் பயன்படுத்த மைக்ரோமேக்ஸ் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒன்பிளஸ் நிறுவனமும் அதே மென்பொருளுடன் தன் கைப்பேசியை 2014 டிசம்பரில் இங்கே விற்கத் தொடங்கியதால் வழக்கு தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அம்மாதமே அத்தடை நீக்கப்பட்டது. அதே மாதம் மைக்ரோமேக்ஸின் துணை நிறுவனமான யூ, சயனோஜன் கொண்ட 'யுரேகா' கைப்பேசியை 8,999 ரூபாய் விலையில் அறிவித்தது. தன்னார்வலர்களின் பொழுதுபோக்காகத் தொடங்கியது, நீதிமன்றம் வரை செல்லும் வணிகச் சொத்தாகிவிட்டது!

ஆனால் 2016 டிசம்பர் 31-ஆம் நாளுடன் சயனோஜன் நிறுவனத்தின் சேவைகள் நின்றன. யுரேகா வாங்கியவர்கள் என்ன ஆவார்கள்? மூலநிரல் திறந்து கிடந்ததால் தன்னார்வலர்கள் 'லினேஜ் ஓ.எஸ்.' என்ற பெயரில் அப்பணியைத் தொடர்ந்தனர். யுரேகாவுக்கும் அதன் பதிப்பு வந்தது. நிறுவனம் மறைந்தாலும் கருவி வாழ வேண்டுமானால் இரண்டு வேண்டும்: மூலநிரல் திறந்திருக்க வேண்டும், பூட்டும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

2023 ஜனவரியில், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் 'பார்ஓஎஸ்' என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. அதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை அடிப்படையாகக் கொண்டதே. பாதுகாப்பு மிகத் தேவைப்படும் அமைப்புகளை எண்ணி ஆக்கப்பட்டது அது. காவலர் வரிசையைக் கலைப்பது அதன் நோக்கமன்று. அந்த வரிசை யாரை நம்ப வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

திறக்கலாமா?

ரூட் செய்த கைப்பேசியில், அந்த உரிமையை நீங்கள் எந்தச் செயலிக்குத் தருகிறீர்களோ அது எல்லா வயல்களுக்கும் உடைமையாளர் ஆகிவிடுகிறது. தீய செயலி ஒன்று அதைப் பெற்றுவிட்டால் கடவுச்சொற்களும் தப்பா. இதனால்தான் வங்கிச் செயலிகளும் பணம் செலுத்தும் செயலிகளும் இத்தகைய கைப்பேசிகளில் இயங்கப் பெரும்பாலும் மறுக்கின்றன. உத்தரவாதமும் போகலாம். வீட்டார் பணம் அனுப்பவும் பெறவும் பயன்படுத்தும் கைப்பேசியில் இச்சோதனை வேண்டாம். அலமாரியில் தூங்கும் பழைய கைப்பேசி இருந்தால், அதன் மாதிரிப் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து, பெரியவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்து பாருங்கள். ஓர் இயங்குதளம் எப்படி எழுகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டாது.

அந்த மாணவரிடம் இவ்வளவையும் கூறினேன். பூட்டைத் திறந்தால் அவர் தந்தையின் குரல் அழிந்துவிடும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. குரல் செய்திகளை எல்லாம் முதலில் கணிப்பொறியில் படியெடுத்தோம். அவற்றில் மூன்றைத் திறந்து கேட்டுச் சரிபார்த்தோம். அடுத்த சனிக்கிழமை பூட்டைத் திறப்பதாக இருக்கிறோம்.

அதற்குள் நீங்கள் ஒரு கணக்குப் போடுங்கள். சிஸ்டம் பகுதி 2 கிகாபைட் என்றால், ஹாஷ் மரத்தின் ஒவ்வொரு படியிலும் எத்தனை துண்டுகள் இருக்கும்?