மீன் கழுவும் கைகளுக்கே மிச்சமும் சொந்தம்

தெல்தெனியவில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவதா என்று சில சகோதரிகள் நினைக்கலாம். எங்களைச் சுற்றி இருப்பவை மலைகளும் விக்டோரியா நீர்த்தேக்கமும்தான். 1985இல் அந்த அணை திறக்கப்பட்ட காலத்தில் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. மக்கள் மேட்டில் புதிய நகரம் அமைத்துக் குடியேறினார்கள். ஆனால் இந்த மலைநாட்டுச் சந்தைக்கும் கடலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இங்கே விலைப்படும் கருவாடும் நெத்தலியும் ஏதோ ஒரு கரையோரத்தில் பெண்களின் கைபட்டுக் காய்ந்து வந்தவை. நீர்த்தேக்கத்துத் திலாப்பியா மீனும் இங்கு விற்பனைக்கு வருகிறது.

மீன் வெட்டும் இடத்தில் தலை, குடல், பூ, செதில் என்று வாளி நிறையக் கழிவு சேர்கிறது. மாலையானதும் அது ஒரு பள்ளத்தில் கொட்டப்படுகிறது. காகமும் நாயும் கூடுகின்றன. கரையோரக் கிராமங்களிலும் இதே நிலைதான். அங்கே இன்னும் அதிகமாகக் கொட்டப்படுகிறது.

2009இல் போர் முடிந்தபின் மன்னார், கிளிநொச்சி, யாழ்ப்பாணக் கரைகளுக்குத் திரும்பிய குடும்பங்களில் பலவற்றைப் பெண்களே தாங்குகிறார்கள். வலையிலிருந்து நண்டு கழற்றுவதும், மீனைப் பிளந்து உப்பிட்டுக் காயவைப்பதும், தொழிற்சாலையில் நண்டுச் சதை எடுப்பதும் அவர்களுடைய உழைப்பு. ஒரு பயிற்சி வகுப்பில் சந்தித்த கரையோரச் சகோதரி என்னிடம் சொன்னார்: “மீன் முதலாளிக்குப் போகுது அக்கா, நாத்தம் மட்டும்தான் எங்களுக்கு மிஞ்சுது.” வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்றம் என்று அவர் சொன்னதற்கு உலகச் சந்தையில் விலை இருக்கிறது என்பதை நான் படித்திருந்தேன்.

கழிவுக்கு வந்த மதிப்பு

நீலக்கால் நண்டில் சதையை எடுத்தபின் பெரும்பகுதி ஓடாகவே மிஞ்சுகிறது. அந்த ஓட்டில் சுண்ணாம்பும், புரதமும், கைட்டின் என்னும் பொருளும் உண்டு. கைட்டினைப் பதப்படுத்தினால் கைட்டோசான் கிடைக்கும். இதைக் கொண்டு குருதிப்பெருக்கை நிறுத்தும் காயக் கட்டுகள் செய்கிறார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்களங்களில் அமெரிக்கப் படையினர் இவ்வகைக் கட்டுகளைப் பயன்படுத்தினார்கள். காயத்துக்குக் கட்டப் பழந்துணி தேடி ஓடிய நாட்களை மறக்காத சகோதரிகளுக்கு இதன் அருமை புரியும்.

பிரேசில் நாட்டின் போர்த்தலேசா நகரில் மருத்துவர்கள் கிருமி நீக்கிய திலாப்பியாத் தோலைத் தீக்காயங்களின் மேல் போர்த்திச் சிகிச்சை அளித்திருக்கிறார்கள். (இது ஆய்வுகூடத்தில் பதப்படுத்திய தோல், வீட்டில் யாரும் முயலக் கூடாது.) ஐஸ்லாந்தில் கொட் மீனின் தலையைக்கூட வீணாக்காமல் காயவைத்து நைஜீரியாவுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். அங்கே அது சுவையான குழம்பாகிறது.

நமக்கு அருகிலும் உதாரணம் உண்டு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் மீன் கழிவிலிருந்து இரண்டு பொருட்களை உருவாக்கியது. ‘பிளாங்டன் பிளஸ்’ இறால், மீன் வளர்ப்புக் குளங்களுக்கு. ‘ஹோர்ட்டி பிளஸ்’ பயிர்களுக்கு.

எது நம்மால் முடியும்?

இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். கைட்டோசான் செய்வதற்குக் கடுமையான அமிலமும் காரமும் வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்க வசதியும் வேண்டும். அது தொழிற்சாலை வேலை. குடிசைத் தொழில் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அத்தகைய வேலையில் நமது பங்கு, ஓட்டைச் சுத்தமாகக் காயவைத்துச் சேர்த்து, சங்கமாக நின்று விலை பேசுவது. தனியொருத்தி கேட்டால் “கழிவுக்கு என்ன காசு?” என்பார்கள். முப்பது பேர் சேர்ந்து கேட்டால் பதில் மாறும்.

ஆனால் மீன் அமிலம் நம் கையாலேயே செய்யக்கூடியது. கொரிய இயற்கை விவசாயத்தில் இருந்த இந்த முறை இன்று தமிழ்நாட்டு உழவர்களிடையே நன்கு பரவியுள்ளது.

செய்முறை இதுதான். புதிய மீன் கழிவு ஒரு கிலோ, சர்க்கரை (வெல்லம்) ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கழிவைச் சிறிதாக நறுக்கி, பொடித்த சர்க்கரையுடன் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, வாளியின் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். வாயைத் துணியால் கட்டி, ஈ புகாமல், நிழலில் மூன்று வாரம் வையுங்கள். கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி வைக்க வேண்டாம். உள்ளே காற்று சேர்ந்து வெடிக்கலாம். நாற்றம் குறைந்து பழவாசனை வந்ததும் வடித்தெடுங்கள். ஒரு லீற்றர் நீருக்கு 5 மில்லி லீற்றர் கலந்து மாலை நேரத்தில் தெளிக்கலாம். முதலில் நாலைந்து செடிகளில் தெளித்துப் பாருங்கள். உப்பிட்ட கருவாட்டுக் கழிவை மட்டும் பயன்படுத்தாதீர்கள். உப்பு செடியைக் கருக்கிவிடும்.

இது மற்றப் பசளைகள் எல்லாவற்றுக்கும் ஈடாகாது. கீரை, மிளகாய், கத்தரி போன்ற வீட்டுத்தோட்டப் பயிர்களுக்கு நல்ல துணை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு அதே ஆண்டிலேயே தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த நாட்களில் எங்கள் பகுதித் தோட்டக்காரப் பெண்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மலையில் மரக்கறி செய்யும் பெண்ணுக்குப் பசளை வேண்டும். கரையில் இருக்கும் பெண்ணிடம் அதற்கான மூலப்பொருள் குவிந்து கிடக்கிறது. கருவாடு வரும் லொறியிலேயே இதுவும் வரலாம்.

கடனை முன்னே வைக்காதீர்கள்

நுண்கடன் எத்தனை குடும்பங்களை நெரித்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வர வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. ஆகவே இயந்திரம் வாங்கக் கடன் எடுத்துத் தொடங்காதீர்கள். ஒரு வாளி, ஒரு கத்தி, ஒரு கிலோ சர்க்கரை போதும். சொந்தத் தோட்டத்தில் பலன் கண்டபின் அயலவருக்குக் கொடுங்கள். மாதர் சங்கத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து கணக்குப் புத்தகம் ஒன்றைத் திறவுங்கள். சர்க்கரையின் விலையைக் கழித்தபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்; எவருக்கும் கடன்பட்டிருக்க மாட்டீர்கள்.

பெயரொட்டிக் கடைக்குக் கொடுக்கும் நிலை வந்தால் 1988ஆம் ஆண்டின் உர ஒழுங்குபடுத்தல் சட்டம் உண்டு. உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் முதலில் கேளுங்கள். கடலுணவு பற்றிய தொழில்நுட்பத்துக்குக் கொழும்பு மட்டக்குளியிலுள்ள ‘நாரா’ நிறுவனம் இருக்கிறது. நன்னீர் மீன் பற்றி அறிய தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையை அணுகலாம். இவை மக்களின் வரிப்பணத்தில் இயங்குபவை. கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள், சகோதரிகளே. இன்று இலவசமாகக் கொட்டப்படும் கழிவுக்கு நாளை விலை வந்தால், அதை வாங்க வாகனத்தோடு வருபவர்கள் இருப்பார்கள். விலை வருவதற்கு முன்பே, வேலை செய்யும் பெண்கள் தம் சங்கத்தில் பேசி, மிஞ்சும் ஓடும் தலையும் யாருக்கு உரியவை என்று முதலாளியுடன் எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்வது நல்லது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள்.