முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடுமா?

"முதுகில் ஊசி போடவேண்டும்" என்று டாக்டர் சொல்கிறார்.

உடனே வீட்டில் உள்ளவர்கள் பதறிப் போகிறார்கள். "ஐயோ! தண்டுவடத்தில் ஊசியா? கால் விளங்காமல் போய்விட்டால் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். கையெழுத்துப் போட மறுத்து, நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போகிறவர்களும் உண்டு.

ஆனால், ஊசி குத்துகிற இடத்தில் தண்டுவடமே கிடையாது! உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறதா?

பாதியில் நிற்கும் தண்டுவடம்

மூளையில் இருந்து இறங்கும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். சுண்டு விரல் பருமன் இருக்கும். முதுகெலும்புக்குள் இருக்கும் குழாயில் அது பத்திரமாக இருக்கிறது.

முதுகெலும்பின் நீளம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். தண்டுவடத்தின் நீளமோ ஏறத்தாழ 45 சென்டிமீட்டர்தான். பெண்களுக்கு இரண்டுமே சற்றுக் குறைவு.

இடுப்புப் பகுதியில் 5 எலும்புகள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு, அவற்றில் முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் நடுவே தண்டுவடம் கூம்பு போலக் குறுகி முடிந்துவிடுகிறது. சிலருக்குச் சற்று மேலே முடியும். சிலருக்குச் சற்றுக் கீழே முடியும்.

ஏன் இப்படி?

தாயின் வயிற்றில் மூன்றாவது மாதம் வரை இரண்டும் ஒரே நீளம்தான். பிறகு எலும்பு வேகமாக வளர்கிறது. தண்டுவடம் பின்தங்கிவிடுகிறது. குழந்தை பிறக்கும்போது அதன் முனை இரண்டாவது, மூன்றாவது இடுப்பு எலும்பு அருகே நிற்கிறது. அதனால்தான் பச்சைக் குழந்தைகளுக்கு இன்னும் கீழே பார்த்து ஊசி போடுகிறார்கள்.

குதிரை வால்

தண்டுவடம் முடிந்துவிட்டால், கால்களுக்கு நரம்பு எப்படிப் போகிறது?

தண்டுவடத்தில் இருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன. கடைசியில் பிரியும் நரம்புகள் தங்கள் வாசலைத் தேடி, குழாய்க்குள்ளேயே கீழ்நோக்கி ஓடுகின்றன. பார்ப்பதற்குக் குதிரையின் வால் போலவே இருக்கும். டாக்டர்கள் வைத்திருக்கும் பெயரும் "குதிரை வால்" என்பதுதான்!

இந்த நரம்புகள் தண்ணீர் போன்ற திரவத்தில் மிதக்கின்றன. ஒரு டம்ளர் தண்ணீரில் நாலைந்து நூல்களைப் போட்டு, ஊசியால் குத்திப் பாருங்கள். நூல்கள் விலகிக்கொள்ளும். அப்படித்தான் இந்த நரம்புகளும் ஊசிக்கு வழிவிடுகின்றன.

இடுப்பு எலும்பின் இரண்டு மேடுகளையும் தொட்டுப் பார்த்து, டாக்டர் நான்காவது எலும்பைக் கண்டுகொள்கிறார். அதற்கு மேலோ கீழோ உள்ள இடைவெளியில் ஊசியைச் செலுத்துகிறார். ஆபத்து மிக மிக அபூர்வம். காலில் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்ந்தது போல இருந்தால், அசையாமல் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

தன் முதுகிலேயே ஊசி

1891-ல் ஜெர்மனியில் கீல் நகரத்து டாக்டர் குவிங்கே, இந்த வழியில் ஊசி போட்டுத் திரவத்தை எடுத்தார். மூளைக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க இன்றும் இந்தச் சோதனை உதவுகிறது.

1898-ல் அதே நகரத்தில் டாக்டர் பியர், இந்த வழியில் மருந்து செலுத்தி, வலி இல்லாமல் ஆபரேஷன் செய்தார். பிறகு தன் முதுகிலேயே ஊசி போடச் சொன்னார்! உதவி டாக்டரும் போட்டுக்கொண்டார். இருவருக்கும் கால் விளங்காமல் போகவில்லை. ஆனால் கடுமையான தலைவலி வந்தது. ஊசித் துவாரத்தின் வழியே திரவம் கசிந்ததுதான் காரணம். இப்போது மெல்லிய ஊசிகள் வந்துவிட்டதால் தலைவலி குறைந்துவிட்டது.

சிசேரியன் ஆபரேஷனுக்கு இன்று பெரும்பாலும் இந்த ஊசிதான் போடப்படுகிறது. சில மணி நேரம் கால் மரத்திருக்கும். பிறகு உணர்ச்சி திரும்பிவிடும்.

"அந்த ஊசியால்தான் முதுகு வலி" என்று சில தாய்மார்கள் சொல்வார்கள். ஊசி போடாமல் பிள்ளை பெற்றவர்களுக்கும் முதுகு வலி வருவது உண்டு!

எதற்குப் பயப்படவேண்டும்?

ஊசியைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது. முதுகெலும்பின் நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி, குதிரை வால் நரம்புகளை நசுக்கிவிடலாம்.

அதன் அறிகுறிகள் இவை: முதுகு வலியோடு இரண்டு கால்களும் பலம் இழக்கும். சைக்கிள் சீட்டில் உட்காரும்போது சீட்டில் படும் இடம் மரத்துப்போகும். சிறுநீர் வராது, அல்லது தெரியாமலே போகும். மலமும் அடக்க முடியாமல் போகலாம்.

இவற்றில் எது வந்தாலும், எண்ணெய் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அன்றே, அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உடனே ஆபரேஷன் செய்தால் நரம்புகளைக் காப்பாற்றலாம். தாமதித்தால், போன உணர்ச்சி திரும்பாமலே போய்விடலாம்.

ஊசிக்குப் பயந்து ஓடவேண்டாம். மரத்துப்போவதை அலட்சியம் செய்யவும் வேண்டாம்!